விலைவாசி ஏறிய ஆண்டில் கூட்டுறவுக் கடையின் கணக்கு

தோட்டப்புறக் கூட்டுறவுக் கடை ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை மனத்தில் எண்ணிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் உறுப்பினர்கள் கூடியிருக்கின்றனர். செயலாளர் எழுந்து ஆண்டறிக்கையைப் படிக்கிறார். சென்ற ஆண்டைவிட விற்பனை பத்து விழுக்காடு உயர்ந்துள்ளது என்கிறார். இலாபமோ அதற்கு முந்திய எந்த ஆண்டிலும் காணாத அளவு என்கிறார். கைதட்டல் எழுகிறது. உடனே பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவர், "இவ்வளவு இலாபம் வந்திருக்கிறதே, ஈவுத் தொகையைக் கூட்டிக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கிறார். மற்றவர்களும் ஆமோதிக்கின்றனர். தீர்மானம் நிறைவேறுகிறது.

மற்ற ஆண்டுகளில் இதில் தவறு ஏதும் இல்லை. ஆனால், விலைவாசி கடுமையாக ஏறிய ஓர் ஆண்டில் இத்தகைய தீர்மானம் நிறைவேறிய நாளே கடை மெலியத் தொடங்கிய நாளாகவும் இருந்துவிடக்கூடும். அடுத்த தீபாவளிக்கு முன்பே அடுக்குகள் காலியாகும். "யாரோ பணத்தைத் தின்றுவிட்டார்கள்" என்ற பேச்சு லயத்துக்கு லயம் பரவும். உண்மையில் யாரும் தின்றிருக்க மாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து, இலாபம் அல்லாத ஒன்றை இலாபம் என்று எண்ணிப் பங்கிட்டுக் கொண்டிருப்பார்கள். இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண்போம்.

நம் நாடு கண்ட விலையேற்றங்களுள் 1974-ஆம் ஆண்டின் விலையேற்றத்தை மூத்த தோட்டப் பாட்டாளிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். 1973-இல் ஏறத்தாழ பத்தரை விழுக்காடு உயர்ந்திருந்த விலைவாசி, 1974-இல் 17.3 விழுக்காடு உயர்ந்தது. உணவுப் பண்டங்களின் விலை அதனினும் மிகுதியாக ஏறிற்று. 1973 அக்டோபரில் மேற்காசியாவில் மூண்ட போரைத் தொடர்ந்து, பீப்பாய் ஏறத்தாழ 3 அமெரிக்க டாலராக இருந்த கச்சா எண்ணெயின் விலை, 1974 சனவரியில் 11 டாலரைத் தாண்டியது. அதற்கு முன்னரே பல நாடுகளில் மழை பொய்த்து விளைச்சல் குறைந்திருந்ததால், உலகச் சந்தையில் அரிசி விலை ஈராண்டுகளுக்குள் மும்மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கிலும் சிகாமாட்டிலும் ரெங்கத்திலும் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதனினும் கொடிய ஒன்று காத்திருந்தது. ஆண்டின் தொடக்கத்தில் உயர்ந்து நின்ற ரப்பர் விலை பிற்பாதியில் சரிந்தது. தோட்டத் தொழிலாளரின் சம்பளமோ ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே, அரிசி விலை உச்சியில் நின்ற வேளையில் சம்பளம் கீழ்நோக்கிச் சென்றது. அவ்வாண்டின் இறுதியில் கெடா மாநிலத்துப் பாலிங்கில் சிறு தோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தங்கள் வறுமையை முறையிட்டதும் இந்த இரட்டை அடியினால்தான்.

இத்தகைய ஓர் ஆண்டில் கூட்டுறவுக் கடையின் விற்பனை "பத்து விழுக்காடு உயர்ந்தது" என்றால் அதன் பொருள் என்ன? 1973-இல் 1,00,000 வெள்ளிக்கு விற்ற கடை, 1974-இல் அதே அளவு சரக்கை விற்றிருந்தாலே 1,17,300 வெள்ளி வந்திருக்க வேண்டும். 1,10,000 வெள்ளிதான் வந்தது என்றால், கடை முன்பைவிட ஆறு விழுக்காட்டுக்கும் மேல் குறைவான சரக்கையே விற்றிருக்கிறது. அதாவது, வளர்ந்துவிட்டதாக அறிக்கை கூறும் கடை உண்மையில் தேய்ந்திருக்கிறது. உறுப்பினர்கள் பண்டங்களைக் குறைத்து வாங்கினார்களா, அல்லது எதிர்க்கடைக்குச் சென்றுவிட்டார்களா என்பது வெள்ளிக் கணக்கில் தெரியாது. எத்தனை மூட்டை அரிசி, எத்தனை டின் எண்ணெய், எத்தனை கிலோ சீனி விற்றது என்ற கணக்கில்தான் தெரியும்.

அடுத்து இலாபத்தைப் பார்ப்போம். இதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றே தக்க சான்றாகும். 2023 சூலை 20-ஆம் நாள் இந்திய அரசாங்கம் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. உலகச் சந்தை கலங்கியது. நம் நாட்டில் அரிசி இறக்குமதி உரிமை பெற்ற பெர்னாஸ் நிறுவனம், 2023 செப்டம்பர் முதல் நாள் தொட்டு, இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. ஒரே நாளில் 36 விழுக்காடு ஏற்றம்.

ஆகஸ்டு 31-ஆம் நாள் மாலை ஒரு கூட்டுறவுக் கடையில் பழைய விலைக்கு வாங்கிய அரிசி ஒரு டன் இருந்ததாகக் கொள்வோம். கணக்கு எளிமையாக இருக்க வேண்டி, லாரிக் கூலி முதலியவற்றை ஒதுக்கி வைப்போம். கடை தன் வழக்கப்படி டன்னுக்கு 200 வெள்ளி மட்டுமே சேர்த்து, 2,550 வெள்ளிக்கு அதனை விற்றுவிடுகிறது. உறுப்பினர்கள் மனம் மகிழ்கின்றனர். புத்தகத்தில் 200 வெள்ளி இலாபம். ஆனால், அடுத்த டன்னை வாங்கச் செல்லும்போது 3,200 வெள்ளி வேண்டும். கையில் இருப்பதோ 2,550. பற்றாக்குறை 650 வெள்ளி. இலாபம் ஈட்டிய கடைக்குத் தன் சரக்கை மீண்டும் வாங்க முடியவில்லை.

மாறாக, கடை புதிய விலையை அனுசரித்து அதே பழைய அரிசியை 3,400 வெள்ளிக்கு விற்றால் என்னவாகும்? புத்தகத்தில் 1,050 வெள்ளி இலாபம் காட்டும். செயலாளர் அறிக்கையில் பெருமையோடு அறிவிக்கும் தொகை இதுதான். ஆனால், 3,200 வெள்ளி கொடுத்து மறு டன்னை வாங்கிய பிறகு கையில் மிஞ்சுவது அதே 200 வெள்ளிதான். எஞ்சிய 850 வெள்ளி எங்கே? அது அரிசியாகக் கிடங்கில் கிடக்கிறது. மூட்டையாகக் கிடக்கும் அந்த 850 வெள்ளியைத்தான் பின்வரிசைக்காரர் ஈவுத் தொகையாகக் கேட்கிறார். அதனைக் கொடுக்க வேண்டுமாயின், மூட்டைகளில் நாலில் ஒன்றுக்கு மேல் விற்றுவிட்டு, மீண்டும் வாங்காமல் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழும். "பழைய விலைக்கு வாங்கியதைப் புதிய விலைக்கு விற்பது கொள்ளையல்லவா? எதிர்க்கடைக்காரர் செய்தால் நாம் ஏசுகிறோமே?" ஏசுவதில் நியாயம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் நடப்பில் உள்ளது. கட்டுப்பாட்டு விலை விதிக்கப்பட்ட பண்டங்களை அவ்விலைக்கு மேல் விற்கக் கூட்டுறவுக் கடைக்கும் உரிமை இல்லை. 2 வெள்ளி 50 காசுக்கு விற்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட ஒரு கிலோ உதவித்தொகைச் சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தை எவரும் 3 வெள்ளிக்கு விற்றுவிட்டு மறுகொள்முதல் விலையைச் சாக்காகக் கூற முடியாது. எனினும், கட்டுப்பாடு இல்லாத பண்டங்களைப் பொறுத்தவரை, எதிர்க்கடைக்காரருக்கும் கூட்டுறவுக் கடைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர் அந்த 850 வெள்ளியை எடுத்துச் சென்றால் அது அவருடையது. கூட்டுறவுக் கடையில் அது உறுப்பினர்களின் அரிசியாகவே கிடங்கில் நிற்கிறது. விலையை ஒரே நாளில் ஏற்றாமல், பழைய சரக்கையும் புதிய சரக்கையும் கலந்து இடைப்பட்ட விலையில் சில வாரங்கள் விற்பதே சிறந்தது என்பது நம் கருத்து. இதனால் இலாபம் சற்றுக் குறையும். ஆனால், உறுப்பினர் கடையை நம்புவார்.

அவ்வாறு வந்த மிகை இலாபத்தைத் தனியே பிரித்து வைக்கும் வழக்கம் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் கூட்டுறவுப் பண்டகசாலைகளில் நெடுநாளாக உண்டு. விலை ஏற்றத்தாழ்வு நிதி என்று அதற்குப் பெயர். ஏறும் காலத்தில் சேர்த்து, இறங்கும் காலத்தில் நட்டத்தை ஈடுசெய்வது அதன் நோக்கம். இறங்கும் காலமும் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1974 நவம்பரில் உலகச் சந்தையில் சீனியின் விலை இறாத்தல் 65 அமெரிக்கக் காசு வரை சென்றது. இன்னும் ஏறும் என்று நம்பி வாங்கிக் குவித்த வணிகர்கள் உலகெங்கும் இருந்தனர். அடுத்த ஆண்டு முடிவதற்குள் அது 15 காசுக்கும் கீழே வந்துவிட்டது. பதுக்கியவர் பாடு என்னவாயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜொகூர்த் தோட்டங்களில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலம் ஒன்று இருந்தது. கொரியப் போர் மூண்டபோது, 1949-இல் இறாத்தல் 40 காசுக்கும் குறைவாக இருந்த ரப்பரின் சராசரி விலை, 1951-இல் 1 வெள்ளி 60 காசைத் தாண்டியது. 1953-இல் மறுபடியும் 70 காசுக்குக் கீழே விழுந்தது. அரிசி, துணி விலைகள் ரப்பரோடு ஏறின. ஆனால், ரப்பரோடு இறங்கவில்லை. அப்போது அவசரகாலம் வேறு. ஜொகூரின் உட்பகுதிகளில் உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. டின்னில் அடைத்த உணவை விற்கும்போதே கடைக்காரர் அதில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும், காட்டுக்குள் கொண்டு சென்று சேர்த்து வைக்க முடியாமல் இருப்பதற்காக. போருக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில்தான் மலாயாவின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் கூட்டுறவுக் கடைகள் பல தோன்றின. அவற்றுக்குச் சரக்கு வழங்க மலாயாக் கூட்டுறவு மொத்த வணிகச் சங்கமும் அமைக்கப்பட்டது. அச்சங்கம் நிலைக்கவில்லை, கடைகளிலும் பல நிலைக்கவில்லை. கடன் விற்பனை, குறைந்த முதல், கணக்கறியாத நிருவாகம், உறுப்பினரே வேறு கடைக்குச் செல்லுதல் ஆகியவை அவற்றைக் கவிழ்த்தன. இவற்றுள் கடனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும்.

நாம் சிறு பிள்ளையாக இருந்த காலத்தில், தோட்டத்துக் கடைக்கு நம்மை அனுப்பும்போது தாயார் கையில் காசு கொடுத்ததே இல்லை. நீள வாக்கில் மடித்த பற்றுப் புத்தகம் ஒன்றைத்தான் கொடுப்பார். கடைக்காரர் பண்டத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்து எதையோ கிறுக்குவார். விலை என்னவென்று யாரும் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. சம்பள நாளன்று தகப்பனார் புத்தகத்தோடு சென்று, பாதியைக் கட்டிவிட்டு, மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு வருவார். அந்த மீதி என்றும் தீர்ந்ததில்லை. சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிப்பது 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி செல்லாது. ஆயினும், பற்றுப் புத்தகம் எந்தச் சட்டத்தையும் மீறாமலேயே அந்த நிபந்தனையை விதித்துவிட்டது. ஜொகூர் அரசாங்கச் சேவையில் தம் பணியைத் தொடங்கி, பின்னர் நாட்டின் தலைசிறந்த பொருளியல் அறிஞராக விளங்கியவரும், 1971-இல் அமைந்த தேசியக் கூட்டுறவு இயக்கமான அங்காசாவின் முதல் தலைவருமான உங்கு அப்துல் அசீஸ், கிராமப்புற வறுமைக்கு இத்தகைய பிடியே பெருங்காரணம் என்று எழுதி வந்தார். விளைபொருளை மலிவாக வாங்குபவரும் வீட்டுப் பண்டத்தைக் கடனுக்கு விலை கூட்டி விற்பவரும் ஒருவரேயானால், ஏழைக்கு இருபக்கமும் வழி அடைபட்டுவிடும்.

அந்தப் பிடியிலிருந்து விடுபடவே கூட்டுறவுக் கடையை ஏற்படுத்துகிறோம். பின்னர் அதே பற்றுப் புத்தகத்தை அங்கேயும் கொண்டு செல்கிறோம்!

விலையேற்ற ஆண்டில் கடன் என்ன செய்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். 95 வெள்ளிக்கு வாங்கிய பண்டங்களைக் கடை 100 வெள்ளிக்குக் கடனாகக் கொடுக்கிறது. இலாபம் 5 வெள்ளி. உறுப்பினர் மூன்று மாதம் கழித்து 100 வெள்ளியையும் நாணயமாகக் கட்டிவிடுகிறார். ஆனால், விலைவாசி 1974-இல் ஏறிய வேகத்தில் ஏறினால், 95 வெள்ளிப் பண்டம் அம்மூன்று மாதத்தில் ஏறத்தாழ 99 வெள்ளி ஆகியிருக்கும். கடைக்கு எஞ்சுவது 1 வெள்ளிக்குச் சற்று மேல். அதிலிருந்துதான் கடைப் பையனின் சம்பளம், விளக்கு, வாடகை, எலி தின்றது, எடையில் சிந்தியது அனைத்தும் போக வேண்டும். கடன் வாங்கியவர் கட்டாமல் ஏமாற்றினால்தான் கடை நட்டப்படும் என்று எண்ணுகிறோம். இல்லை, நாணயமாகக் கட்டினாலும், தாமதித்துக் கட்டினால் நட்டப்படும். அந்த நட்டத்தைச் சுமப்பவர் யார்? காசு கொடுத்து வாங்கிய உறுப்பினர்தான். பெரும்பாலும் அவர் கடன் வாங்கியவரைவிட வசதி படைத்தவரும் அல்லர்.

1844 டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர்கள், ஆளுக்கு ஒரு பவுனாகச் சேர்த்த 28 பவுன் முதலுடன் ஒரு சிறு கடையைத் திறந்தபோது, கடனுக்கு விற்பதில்லை என்று உறுதி செய்துகொண்டனர். வெண்ணெய், சீனி, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவையே அன்று அவர்களிடம் இருந்த சரக்கு. சந்தை விலைக்கே விற்று, அவரவர் வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தைத் திருப்பிக் கொடுத்தனர். அவர்கள் வழியைப் பின்பற்றி 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம், 1918 செப்டம்பரில் விலையேற்றம் தாங்காமல் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்ட காலத்தையும், அதன்பின் வந்த இன்னொரு பெரும் போரையும் கடந்து இன்றும் இயங்கி வருகிறது.

எனினும், ராச்டேல் நெசவாளரைப் போன்று தோட்டப் பாட்டாளிகளும் கடனை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று கூறுவது எளிது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இருபதாம் தேதிக்கு மேல் அரிசிப் பானையைத் தட்டினால் ஓசைதான் வரும். அன்று கூட்டுறவுக் கடை மறுத்தால் எதிர்க்கடை கொடுக்கும். அங்கே சென்றவர் திரும்ப வருவதில்லை. ஆகவே, சம்பள நாள்வரை மட்டும் கடன், அதுவும் உறுப்பினரின் பங்குத்தொகையை ஒட்டிய வரம்புக்குள், ஒரு மாதப் பாக்கி மறு மாதத்துக்குச் செல்லக் கூடாது என்ற ஏற்பாடே நடைமுறைக்கு ஏற்றது. விலையேற்ற ஆண்டில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி நெருக்குதல் மிகும். குழு உறுப்பினரின் மைத்துனரே முதலில் வந்து கேட்பார்.

இனி, ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் நடந்ததையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 1973-இல் விலைவாசி ஏறத்தாழ 20 விழுக்காடும், 1974-இல் 22 விழுக்காடும் ஏறியது. அங்குள்ள தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசு 1973 சூலையில் தோ பாயோவில் 'வெல்கம்' என்ற பெயரில் கூட்டுறவுப் பேரங்காடி ஒன்றைத் திறந்தது. அரிசி, சீனி போன்ற அன்றாடப் பண்டங்களை நியாய விலைக்கு விற்று, மற்ற வணிகர்கள் விலையை மனம்போல் ஏற்றாதபடி தடுப்பதே அதன் நோக்கம். 1983-இல் அது மற்றொரு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துடன் இணைந்து 'பேர்பிரைஸ்' ஆயிற்று. பட்டணத்துப் பேரங்காடியையும் முந்நூறு குடும்பங்கள் வாழும் தோட்டத்துக் கடையையும் ஒப்பிட முடியாதுதான். ஆயினும், ஒன்று இரண்டுக்கும் பொது. கூட்டுறவுக் கடை அரிசியை 20 காசு குறைத்து விற்றால், எதிர்க்கடைக்காரரும் 15 காசாவது குறைக்க வேண்டியவராகிறார். அவரிடம் வாங்கும் குடும்பங்களுக்கும் இலாபம் கிடைக்கிறது. இந்த இலாபம் எந்த ஐந்தொகையிலும் ஏறாது. கணக்காய்வாளரும் இதனைக் காண மாட்டார். கடை மூடப்பட்ட பிறகு, எதிர்க்கடையின் விலை ஏறும்போதுதான் தெரியவரும்.

இறுதியாக, முதலைப் பற்றி ஒரு சொல். 20,000 வெள்ளிச் சரக்கோடு நடந்த கடைக்கு, விலைவாசி 17.3 விழுக்காடு ஏறிய பின் அதே சரக்கை வைத்திருக்க 23,460 வெள்ளி வேண்டும். பங்குத்தொகையோ வெள்ளிக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மொத்த வியாபாரியும் இக்காலத்தில் தவணையைக் குறைப்பார். முப்பது நாள் பொறுத்தவர், லாரி வந்து நிற்கும்போதே பணம் கேட்பார். மிச்சமுள்ள 3,460 வெள்ளி இரண்டே வழிகளில்தான் வரக்கூடும்: ஒன்று, இலாபத்தைப் பங்கிடாமல் காப்பு நிதியில் சேர்ப்பது, மற்றொன்று, உறுப்பினர்கள் புதிய பங்குகள் வாங்குவது. ஈவுத் தொகையைப் பணமாகக் கொடுக்காமல் பங்காக வரவு வைக்கும்படி பொதுக்கூட்டத்தில் தீர்மானிப்பது இரண்டையும் இணைக்கும் வழி. 2022 மே மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியாகவும், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தபோது, அந்த உயர்வில் மாதம் 5 வெள்ளியைப் பங்காகச் செலுத்தும் குடும்பங்கள் அறுபது இருந்தாலே, ஓராண்டில் 3,600 வெள்ளி சேர்ந்துவிடும்.

ஆகவே, அன்பர்களே, அடுத்த பொதுக்கூட்டத்தில் செயலாளர் விற்பனைத் தொகையைப் படித்து முடித்ததும், சென்ற ஆண்டு எத்தனை மூட்டை அரிசி விற்றது, இந்த ஆண்டு எத்தனை மூட்டை என்று எழுந்து கேளுங்கள். உறுப்பினர் பற்று எவ்வளவு நிலுவை, அதில் ஒரு மாதத்துக்கு மேற்பட்டது எவ்வளவு என்றும் கேளுங்கள். இவ்விரண்டு விவரங்களும் அச்சிட்ட அறிக்கையில் பெரும்பாலும் இருப்பதில்லை. சரக்குப் புத்தகத்திலும் பற்றுப் பேரேட்டிலும் இருக்கும். கடை மேசையின் இழுப்பறையைத் திறந்தால் எடுத்துவிடலாம்.